புத்தகத்தைக் கவிழ்த்து வை

எங்கள் குமாசி நகரத்தில் ஒரு பெண்ணுக்குப் படிப்பு வரவில்லை என்றால் வீட்டில் யாரும் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ஒன்று தையல் மெஷின் முன்னால் உட்கார வைப்பார்கள், இல்லாவிட்டால் தலை பின்னும் கடையில் கொண்டுபோய் விடுவார்கள். "உன் தலைக்குள்ள ஏறலேன்னா அடுத்தவ தலையை வாரு" என்று அதற்கு ஒரு வசனம் வேறு. இப்படிச் சொல்லும் பெரிய மனிதர்களில் ஒருவரைப் பிடித்து, உச்சியிலிருந்து பிடரி வரை பதினான்கு வரி கோணாமல் பின்னச் சொன்னால் இரண்டாவது வரியிலேயே முழி பிதுங்கிவிடும். ஆனால் அதையெல்லாம் படிப்பு என்று யார் ஒப்புக்கொள்கிறார்கள்?

போஹேமாவையும் அந்த வசனத்தைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. மேல்நிலைத் தேர்வில் மற்ற பாடமெல்லாம் தேறி, அறிவியலில் மட்டும் தோற்றிருந்தாள். இப்போது முப்பத்து நான்கு. டாஃபோ வண்டி நிலையத்துக்கு எதிரே, நீலப் பெயிண்ட் அடித்த மரக்கடை அவளுடையது. கடையின் பாதியில் அவள் தலை பின்னுவாள். மறுபாதியில் மன்சா என்பவள் சவுரியும் தலைக்கு வைக்கும் கிரீமும் விற்பாள். மன்சாவுக்கு வயது முப்பத்தொன்று, நாக்குக்கு வயதே கிடையாது.

நன்றாக ஓடும் கடையை வைத்துக்கொண்டு போஹேமாவுக்கு மறுபடி ஏன் அறிவியல் ஆசை வந்தது என்று கேட்டால், அதற்குக் காரணம் ஒரு பெண்ணின் பிடரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கைக்காரிக்குப் பின்னிக்கொண்டிருந்தபோது காதுக்குப் பின்னால் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். முந்தின மாதம் பின்னியபோது அது இல்லை. "இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, நாளைக்குன்னு சொல்லாதே" என்று போஹேமா விரட்டி அனுப்பினாள். அந்தப் பெண் பிழைத்து வந்து, "இதைக் கண்டுபிடிச்ச நர்ஸ் யாருன்னு டாக்டர் கேட்டாரு அக்கா" என்றாள். அந்த ஒரு வார்த்தை போஹேமாவின் நெஞ்சில் முள்ளாக ஏறிவிட்டது. நர்சிங் கல்லூரியில் விசாரித்தாள். முப்பத்தைந்து தாண்டியவர்களிடம் விண்ணப்பம் வாங்குவதில்லை என்றார்கள். அறிவியலில் தேறிய சான்றிதழும் வேண்டும். ஆக, வருகிற தனித்தேர்வுதான் முதலும் கடைசியும். அதில் விட்டால் விட்டதுதான்.

அசாரே சாரிடம் டியூஷன் சேர்ந்தாள். வாரத்தில் மூன்று நாள், மாலையில், ஒரு தேவாலயத்தின் ஞாயிறு பள்ளிக் கூடத்தில் வகுப்பு. சார் நல்ல மனிதர், யாரையும் திட்டமாட்டார். என்ன, தலைநகர் அக்ராவில் இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து கொஞ்சம் மந்திரித்து விட்டவரைப் போல இருந்தார். இருபது கேள்வி அச்சடித்த தாளை ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

"உலகத்துல மூணு வகை ஆளுங்கதான்," என்றார். "கண்ணால படிக்கிறவங்க, காதால படிக்கிறவங்க, கையால படிக்கிறவங்க. இத்தனை நாள் நீங்க தோத்ததுக்கு மூளை காரணமில்ல. நீங்க என்ன வகைன்னு தெரியாததுதான் காரணம்."

தாளில் முதல் கேள்வி: புதிய ஊரில் வழி தெரியாவிட்டால் வரைபடம் பார்ப்பீர்களா, ஒருவர் சொல்வதைக் கேட்பீர்களா, நடந்தே பார்ப்பீர்களா? குமாசியில் வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்தவன் எவன் இருக்கிறான்? வேனில் தொங்கிக்கொண்டு வரும் கண்டக்டரைக் கேட்பதுதான் வழக்கம். அவனும் பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வான். போஹேமா எதையோ குறித்துக் கொடுத்தாள். கூட்டிப் பார்த்த சார், "நீங்க கண்ணு!" என்று கண்ணுக்காரர்களின் பெஞ்சில் உட்கார வைத்தார்.

கண்ணுக்காரர்கள் கலர் கலராகப் படம் வரைந்து, பார்வையில் படும் இடமெல்லாம் ஒட்டிவைக்க வேண்டும். போஹேமா மனசாட்சியோடு செய்தாள். கண்ணாடியைச் சுற்றி இதயம், நுரையீரல், இலையின் குறுக்குவெட்டு, சிறுநீரகம். பக்கத்திலேயே பழைய பின்னல் மாடல் படங்களும் இருந்தன. ஒரு நாள் ஒரு அம்மாள் உட்கார்ந்தபடியே சிறுநீரகத்தைச் சுட்டிக்காட்டி, "இது நல்லா இருக்கே. இதையே போட்டுவிடு. காதுப்பக்கம் மட்டும் இவ்வளவு வளைவு வேண்டாம்" என்றாள்.

மன்சா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாதிரித் தேர்வில் போஹேமாவுக்கு முப்பத்தெட்டு மதிப்பெண். தேற ஐம்பது வேண்டும். சார் தாளை மறுபடி எடுத்துக் கூட்டிப் பார்த்தார். "ஒரு மார்க் தப்பாக் கூட்டிட்டேன். நீங்க காது."

காதுக்காரர்கள் பாடத்தை ஃபோனில் பதிவுசெய்து திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும். போஹேமா கடையில் உட்கார்ந்தே பதிவு செய்தாள், கடையிலேயே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள். வாடிக்கைக்காரிகளுக்கே பாடம் மனப்பாடமாகிவிட்டது. இரண்டாவது மாதிரித் தேர்வில் செரிமானம் பற்றிக் கேள்வி வந்தது. வாய், உணவுக்குழாய், இரைப்பை என்று கடகடவென்று எழுதிக்கொண்டு போனவள் இரைப்பைக்கு அடுத்து நின்றுபோனாள். காதுக்குள் கேட்டதெல்லாம் மன்சாவின் குரல்தான்: "என் பெரிய சீப்பை எவ எடுத்தா?" பதிவில் அந்த இடத்தில் அதுதான் இருந்தது. அந்த முறை நாற்பத்தொன்று.

பிறகு கையால் படிக்கும் பெஞ்சு. சடையில் கோக்கும் மணிகளை வைத்து அணு, மூலக்கூறு என்றெல்லாம் கோத்தாள். கோத்த மணிகள் அழகாகத்தான் இருந்தன, ஒருத்தி அப்படியே தலையில் வைத்துக்கொண்டு போனாள். முப்பத்தாறு. சார் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க மூணும் கலந்த வகை போலிருக்கு" என்றார். நான்காவது பெஞ்சு ஒன்றும் அங்கே இல்லை.

"அக்கா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத," என்றாள் மன்சா அன்று. "கண்ணும் முடிஞ்சுது, காதும் முடிஞ்சுது, கையும் முடிஞ்சுது. இன்னும் மூக்கும் நாக்கும்தான் பாக்கி. புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சுப் பாக்குறியா?"

"நீ எட்டாவதோட நின்னவ. உனக்கு என்ன தெரியும்?" என்று போஹேமா வெடுக்கென்று கேட்டாள்.

மன்சா முகத்தைத் திருப்பிக்கொண்டு சவுரிகளை உதறத் தொடங்கினாள். தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. எல்லோரும் சொன்ன அந்த வசனம் நிஜம்தானோ என்று போஹேமா முதன்முறையாகப் பயந்தாள். பயத்தோடேயே மறுநாளும் புத்தகத்தைப் பிரித்தாள், மஞ்சள் பேனாவால் வரிவரியாகக் கோடு போட்டாள். பக்கம் முழுக்க மஞ்சளாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஒஃபோரிவா என்ற கல்யாணப் பெண் வந்தாள். மறுநாள் காலையில் கல்யாணம். ஃபோனில் ஒரு பின்னல் படத்தைக் காட்டி, "இதேதான் வேணும் அக்கா, ஒரு வரி மாறக்கூடாது" என்றாள். பொல்லாத மாடல். பதினான்கு வரி, உச்சியைச் சுற்றிச் சுழன்று, இடது காதுக்கு மேலே இரண்டாகப் பிரிந்து, பின்னால் மறுபடி சேரவேண்டும். போஹேமா படத்தை மூன்று தரம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். தலை பின்னக் கற்றுக்கொண்ட கடையில் அப்படித்தான் பழக்கம். படத்தைப் பார்த்துக்கொண்டே பின்னினால் கடைக்கார அம்மாள் சீப்பால் முட்டியில் தட்டுவாள். முதலில் கவிழ்த்துவைத்துப் பின்ன வேண்டும், பின்னியதற்கு அப்புறம்தான் ஒப்பிட வேண்டும். எங்கே பிசகியதோ அந்த வரியை மட்டும் பிரிக்க வேண்டும்.

ஐந்தாவது வரியில் மின்சாரம் போனது. அது எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. கொஞ்ச நேரத்தில் ஒஃபோரிவாவின் ஃபோனும் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. அதுதான் புதிது. அந்தப் பெண் பதறிப்போனாள்.

"ஐயோ, படம் போச்சே! எப்படி முடிப்பீங்க?"

"உக்காரு. தலையை ஆட்டாதே," என்றாள் போஹேமா.

மூன்று மணி நேரம். வாசல் வெளிச்சத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பதினான்கு வரியையும் முடித்தாள். மன்சா பக்கத்துக் கடை ஜெனரேட்டரில் ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தாள். படத்தையும் தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று பேரும் பார்த்தார்கள். ஒன்பதாவது வரி மட்டும் காதுக்குப் பின்னால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. போஹேமா அந்த ஒரு வரியைப் பிரித்து மறுபடி போட்டாள். கல்யாணப் பெண் கண்ணாடியில் பார்த்து, ஒரு குதி குதித்துவிட்டுப் போனாள்.

மன்சா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒன்னு மட்டும் புரியல அக்கா. ஊர்ல இருக்கிறவ தலையெல்லாம் உன் தலைக்குள்ள இருக்கு. பதினாலு வரி, எந்த வரி எந்தப் பக்கம் திரும்புதுன்னு சொல்ற. ஒரு கிட்னி மட்டும் உள்ள போகமாட்டேங்குதா?"

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் போஹேமா சீப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"மன்சா, நான் புத்தகத்தை என்னைக்காவது கவிழ்த்து வெச்சுப் பாத்திருக்கியா?"

"எங்க? தூங்குறப்பகூட நெஞ்சு மேல விரிச்சு வெச்சுக்கிட்டுல்ல தூங்குற."

அதுதான். படம் வரைந்தபோதும் புத்தகம் திறந்திருந்தது. பதிவு செய்தபோதும் திறந்திருந்தது. மணி கோத்தபோதும் பக்கத்திலேயே திறந்துதான் கிடந்தது. பதினைந்து வருடமாக ஒரு மாடலைக்கூட இப்படி அவள் கற்றுக்கொண்டதில்லை. எங்கள் பள்ளிக்கூடங்களில் பாடத்தை "மெல்லு" என்பார்கள், பரீட்சையில் "கொட்டு" என்பார்கள். மென்றது உள்ளே இறங்கியதா என்று நடுவில் யாரும் பார்ப்பதில்லை.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்னால் சிறுநீரகப் பாடத்தை மூன்று தரம் படித்தாள். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். சவுரிப் பாக்கெட்டின் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதத் தொடங்கினாள். நான்கு வரி வந்தது. அதற்குமேல் மண்டையில் ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட பலகைபோல் இருந்தது. மஞ்சள் கோடு போட்டுப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்ததே, அது பொய் என்று அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது, கோபம்கூட வந்தது. புத்தகத்தைத் திறக்கக் கை பரபரத்தது. திறக்கவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்தாள். இன்னும் இரண்டு வரி வந்தது. அதற்கப்புறம்தான் திறந்தாள். தப்பான இடத்தைச் சிவப்பில் வட்டம் போட்டாள், அதை மட்டும் படித்தாள், மறுபடி கவிழ்த்தாள்.

அடுத்த நாள் எட்டு வரி. மூன்றாம் நாள் வேறு பாடம். ஒரு வாரம் கழித்துத் திரும்பிச் சிறுநீரகத்துக்கு வந்தால் பாதி ஓடிப்போயிருந்தது. அப்போது அழுதாள், உண்மைதான். அழுதுகொண்டே எழுதினாள். இந்த முறை ஓடிப்போனது சீக்கிரம் திரும்பி வந்தது.

கை முடியில் இருக்கும்போது எழுத முடியாது. அதனால் கேள்விகளை அட்டைகளில் எழுதி, பதிலைப் பின்பக்கத்தில் எழுதி, ஒரு வளையத்தில் கோத்து மன்சாவிடம் கொடுத்தாள்.

"நான் பின்னுறப்ப நீ கேளு. பதிலைச் சொல்லித் தொலைச்சிடாதே."

"எனக்கு என்ன சம்பளம்?"

"நர்ஸானதும் உனக்கு நானே ஊசி போடுறேன்."

அன்றிலிருந்து அந்தக் கடை நீதிமன்றமானது. "இரத்தத்துல சிவப்பணு எங்க உருவாகுது?" என்று மன்சா வக்கீல் மாதிரி அதட்டுவாள். போஹேமா திணறினால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள், "நான் சொல்லட்டுமா?" என்பாள். "நீ வாயை மூடு, உனக்குப் பரீட்சை இல்ல" என்று மன்சா அடக்குவாள். அட்டைகளை வரிசை மாற்றிக் கலைத்துவிட்டுக் கேட்பாள். தப்பானதை மேலே வைப்பாள். தேர்வு வரை ஒரு நாள் விடாமல் கேட்டாள்.

வகுப்பில் அசாரே சார் இவள் எந்தப் பெஞ்சிலும் உட்காராமல் சுவரோரம் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"என்னம்மா, எந்த வகைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

போஹேமா எழுந்து நின்றாள். வகுப்பில் பாதிப்பேர் அவள் வயதில் பாதி இருப்பார்கள்.

"சார், நான் தலை பின்னுறவ. எங்க கடையில ஒருத்தி கண்ணால பாப்பா, ஒருத்தி காதால கேப்பா, கையால எல்லாருமே பின்னுவோம். ஆனா படத்தைக் கவிழ்த்து வெச்சுட்டுப் பின்னாதவளுக்கு ஒரு மாடலும் தங்காது. அது எந்த வகைக்கும் பொது சார்."

பின்பெஞ்சில் ஒரு பையன் சிரித்தான். சார் சிரிக்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "எல்லாரும் புத்தகத்தை மூடுங்க," என்றார். "நேத்து நடத்துனதை எழுதுங்க. வரைஞ்சாலும் சரி, பக்கத்துல இருக்கிறவனுக்குச் சொன்னாலும் சரி. பாக்கக்கூடாது." சிரித்த பையன் இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். அடுத்த மாதிரித் தேர்வில் போஹேமாவுக்கு ஐம்பத்திரண்டு. நிம்மதியாக மூச்சுவிடும் அளவுக்கு அது போதாது என்று அவளுக்குத் தெரியும். அட்டைகள் இன்னும் கூடின.

தேர்வு நாளன்று மண்டபத்தில் மின்விசிறி ஓடவில்லை. மூன்றாவது கேள்வி இரத்த ஓட்டம். படத்தை வரைந்து, பெயர்களை எழுதி, ஒருமுறை சரிபார்த்தபோது இடப்பக்கம் எழுத வேண்டியதை வலப்பக்கம் எழுதியிருப்பது தெரிந்தது. முழுப் படத்தையும் அடித்துவிட்டு முதலிலிருந்து வரையலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவ்வளவு நேரம் இல்லை. பிசகிய இரண்டு பெயரை மட்டும் அடித்து, சரியாக எழுதி, அடுத்த கேள்விக்குப் போனாள். மணி அடித்தபோது ஒரே ஒரு துணைக்கேள்வி பாக்கி இருந்தது. வெளியே வந்ததும் யாரோடும் விடை ஒப்பிட்டுப் பார்க்காமல் நேராகக் கடைக்கு வந்து கதவைத் திறந்தாள். அன்று மத்தியானம் இரண்டு தலை பாக்கி இருந்தது.

முடிவு வந்த நாளிலும் நாற்காலியில் ஒரு தலை இருந்தது. சந்தையில் கிழங்கு விற்கும் அம்மாள், பாதித் தலை முடிந்திருந்தது. போஹேமாவின் இரண்டு கையிலும் கிரீம். அதனால் ஃபோனை மன்சா வாங்கிக்கொண்டாள். தேர்வு எண்ணை அடித்தாள். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. மன்சா ஒன்றும் பேசவில்லை. மன்சா பேசாமல் இருந்து அந்தக் கடை பார்த்ததே இல்லை.

"என்னடி? சொல்லித் தொலை. ஒன்பதா?"

எங்கள் தேர்வில் ஒன்பது என்றால் தோல்வி. ஆறுக்குள் இருந்தால் கல்லூரிக்குப் போதும்.

"அஞ்சு," என்றாள் மன்சா. "சி அஞ்சு, அக்கா."

போஹேமா ஃபோனை எட்டிப் பார்த்தாள். தொடமுடியாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே மூன்று தரம் பார்த்தாள். தேம்பத் தொடங்கினாள். கிழங்குக்கார அம்மாள் திரும்பி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அழு மகளே, நல்லா அழு. ஆனா இந்தப் பாதித் தலையோட என்னைச் சந்தைக்கு அனுப்பிடாதே" என்றாள்.

மிச்சமிருந்த ஏழு வரியையும் போஹேமா அழுதுகொண்டே பின்னினாள். ஒன்றுகூடக் கோணவில்லை. அம்மாள் ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனபிறகுதான் மன்சா இருந்த இடத்தைப் பார்த்தாள். மன்சா சவுரிகளுக்கு நடுவே, அட்டை வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி ஆச்சு? எனக்காக நீ ஒரு சத்தம் போடக்கூடாதா?"

"எனக்கு எஃப் ஒன்பது வந்துச்சு," என்றாள் மன்சா. "இதே அறிவியல்ல. பன்னெண்டு வருஷம் ஆச்சு."

"நீ எட்டாவதோட நின்னுட்டேன்னுதானே சொன்னே?"

"போய்த் தோத்தேன்னு சொல்றதைவிட, போகவே இல்லன்னு சொன்னா யாரும் சிரிக்கமாட்டாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாலு மாசம் உன்கிட்ட இதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தேன் அக்கா. போன வாரம் தனியா உக்காந்து, அட்டையைத் திருப்பாம எனக்கு நானே கேட்டுப் பாத்தேன். பாதிக்கு மேல வருது."

தான் அவளைப் பார்த்து வீசிய வெடுக்கென்ற பேச்செல்லாம் போஹேமாவின் நினைவுக்கு வந்து நெஞ்சைச் சுட்டது. மன்சா முகத்தைத் துடைத்துக்கொண்டு, சண்டைக்கு நிற்பவளைப்போல நிமிர்ந்தாள்.

"எனக்கு முப்பத்தஞ்சாக இன்னும் நாலு வருஷம் இருக்கு," என்றாள்.

போஹேமா கையிலிருந்த கிரீமைத் துடைத்தாள். கடைக் கதவை உள்பக்கமாகச் சாத்தினாள். வாடிக்கைக்காரியின் நாற்காலியில் மன்சாவை உட்காரவைத்து, அவள் மடியிலிருந்து வளையத்தை எடுத்துக்கொண்டாள்.

"முதல் கேள்வி," என்றாள்.